மூக்கு ஆபரேஷன்: மூச்சுக்கா, முகத்துக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். டோக்கன் கொடுப்பது, ஃபைல் எடுத்து வைப்பது, ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது, இன்சூரன்ஸ் தாள்களை அனுப்புவது எல்லாம் என் மேஜையில்தான். டாக்டர் அறையில் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் வெளியே வந்ததும் சந்தேகத்தை என்னிடம்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களை டாக்டர் படித்துத் திருத்திக் கொடுத்தார். உங்கள் மூக்கை நேரில் பார்த்தவர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

மூக்கு ஆபரேஷன்னா எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. வேறு வேறு வேலைகளை நாம் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர் வளைந்திருந்தால் அதை நேராக்குவது செப்டோபிளாஸ்டி. சீட்டில் டி.என்.எஸ். என்று எழுதியிருந்தால் டாக்டர் அந்த வளைவைத்தான் குறிக்கிறார். மூக்கின் வெளி வடிவத்தை மாற்றுவது ரைனோபிளாஸ்டி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் செப்டோரைனோபிளாஸ்டி. சைனஸ் அறைகளின் வாசலை எண்டோஸ்கோப் வழியாகத் திறந்துவிடுவது ஃபெஸ். அது வெளி வடிவத்தைத் தொடுவதே இல்லை.

இந்தக் கேள்வி பதில்களில் பெரும்பாலும் வருவது செப்டோரைனோபிளாஸ்டிதான். அடிபட்டுக் கோணியவர்கள், பிறவியிலேயே உதட்டுப் பிளவோடு மூக்கும் சரிந்தவர்கள், முதல் ஆபரேஷன் சரியாக அமையாதவர்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

எனக்குப் பல வருஷமா சைனஸ். ஆபரேஷன் பண்ணா தும்மல் நின்னுடுமா?

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கு அரிப்பு, தண்ணியாக ஒழுகுவது, கண் அரிப்பு. இதைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "எனக்கு சைனஸ்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இது பெரும்பாலும் அலர்ஜி. தூசியில் வாழும் நுண்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் இவற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. கத்தி வைத்து அலர்ஜியை எடுக்க முடியாது. சுவரை நேராக்கினால் காற்று போக இடம் கிடைக்கும், ஸ்பிரே மருந்து உள்ளே நன்றாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆபரேஷனுக்குப் பிறகும் தும்மல் இருக்கும், மருந்தும் தேவைப்படும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு வருகிறவர்கள் பின்னால் ஏமாறுவதில்லை.

ராத்திரி ஒரு பக்கம் அடைக்குது, கொஞ்ச நேரத்துல அது திறந்து மறுபக்கம் அடைக்குது. இது என்ன வியாதி?

பல பேருக்கு இது வியாதியே இல்லை. மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்ற சதை மடிப்புகள் இருக்கின்றன. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அவற்றின் வேலை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்து மடிப்பு வீங்கும், மறுபக்கத்து மடிப்பு சுருங்கும், பிறகு மாறிக்கொள்ளும். பகலில் நமக்குத் தெரியாது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைப்பது தெரியும்.

எப்போதும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது, எந்த மருந்துக்கும் திறப்பதில்லை என்றால் உள்ளே அமைப்பில் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்கலாம். ஒரே பக்க அடைப்போடு ரத்தமும் கலந்து வந்தால் தள்ளிப்போடாமல் உடனே காட்டுங்கள். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றமாகச் சளி வந்தால், நிலக்கடலையோ பாசிமணியோ பஞ்சோ உள்ளே போயிருக்கலாம்.

ஸ்கேன்ல மூக்கெலும்பு வளைஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. கட்டாயம் ஆபரேஷன் பண்ணணுமா சிஸ்டர்?

தலைவலிக்கு ஸ்கேன் எடுத்து, அதில் இந்த வரியைப் பார்த்து பயந்து வருகிறவர்கள் நிறைய. நடுச்சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும் ஆட்கள் குறைவு. வளைவு இருந்தும் மூச்சு நன்றாகப் போகிறது, அடிக்கடி சளி கட்டுவதில்லை, ரத்தம் வருவதில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடைப்பு இருந்தாலும் முதலில் சில வாரங்கள் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புத்தண்ணீர்க் கழுவலும் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள், மூக்கு ஸ்பிரேயில் இருக்கும் அளவு மிகக் குறைவு. ஆனால் அடிக்கும் விதம் முக்கியம். வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். அப்போது மருந்து நடுச்சுவரில் படாமல் பக்கச் சுவரில் படும். நடுச்சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் காய்ந்து ரத்தம் கசியும், மருந்தும் வீண். "ஸ்பிரே எனக்குக் கேக்கலை" என்பவர்களை அடித்துக் காட்டச் சொன்னால், பாதிப் பேர் நேராக நடுச்சுவரைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள்.

மூக்குல சதை வளந்திருக்குன்னு சொன்னாங்க. வெட்டி எடுத்தா திரும்ப வளருமா?

எந்தச் சதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அலர்ஜியில் வீங்குவது பெரும்பாலும் மேலே சொன்ன டர்பினேட். வெளிறிய திராட்சை போலத் தொங்குவது பாலிப். அது திரும்ப வரக்கூடியது, ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரே தொடர வேண்டும். குழந்தைகளுக்கு மூக்கின் பின்னால், தொண்டைக்கு மேலே வளர்வது அடினாய்டு. வயது ஏற ஏறத் தானே சுருங்கும்.

டர்பினேட்டைச் சுருக்கலாம், ஓரளவு குறைக்கலாம். மொத்தமாக வெட்டி எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் மூக்கு உள்ளே காய்ந்து பொருக்குத் தட்டும். இன்னொரு விசித்திரம், இடம் விசாலமாக இருந்தும் மூச்சு போகாதது போலவே சிலருக்குத் தோன்றும். காற்று போவதை உணர்வதே அந்தச் சதையில் உள்ள நரம்புகள்தானே.

சொட்டு மருந்து போட்டா பத்தே நிமிஷத்துல திறக்குது. அதையே போட்டுக்கிட்டா என்னக்கா?

ஓட்ரிவின், நாசிவியான் வகைச் சொட்டுகளைத்தான் சொல்கிறீர்கள். ஜலதோஷத்துக்குச் சில நாள் போடலாம். ஒரு வாரத்தைத் தாண்டினால் மருந்தின் வேகம் தணிந்ததும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும், திரும்பப் போடுவீர்கள், அப்படியே பழக்கமாகிவிடும். தலையணைக்குக் கீழே பாட்டில் இல்லாமல் தூக்கம் வராதவர்களை வாராவாரம் பார்க்கிறேன். ஆபரேஷன் பற்றிப் பேசும் முன் இந்தப் பழக்கத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிலருக்கு அதை நிறுத்தி, வீக்கம் வடிந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடைப்பு எங்க இருக்குன்னு வீட்டுலயே பார்த்துக்க முடியுமா?

முடிவு செய்ய முடியாது, ஒரு குறிப்பு கிடைக்கும். கண்ணாடி முன் நின்று, மூக்கின் ஓரத்தில் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுங்கள். சட்டென்று காற்று திறந்தால், துளைக்குச் சற்று மேலே வால்வு எனப்படும் இடம் குறுகியிருக்கலாம். மூக்குக்குள் காற்று போகும் வழியிலேயே மிகக் குறுகலான இடம் அதுதான். கையை எடுத்துவிட்டு வேகமாக மூச்சு இழுக்கும்போது மூக்கின் பக்கங்கள் உள்ளே ஒட்டிக்கொள்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நடுச்சுவரை மட்டும் நேராக்கியும் "அப்படியேதான் இருக்கு" என்று திரும்ப வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு இந்த வால்வில் இருக்கும். அந்த இடத்தைச் சரிசெய்ய மூக்கின் வெளிச் சட்டத்தையே தொட வேண்டும். எண்டோஸ்கோபி, ஸ்கேன் இரண்டிலும் இது தப்பிப்போகலாம். டாக்டர் உங்களைச் சாதாரணமாக மூச்சுவிடச் சொல்லி வெளியிலிருந்து பார்த்தாரா என்பதைக் கவனியுங்கள்.

பையன் கிரிக்கெட் ஆடி மூக்குல பந்து பட்டுடுச்சு. வீக்கம் வடியட்டும்னு விட்டிருக்கோம். சரிதானே?

வெளி வீக்கத்துக்கு விடலாம், உள் வீக்கத்துக்கு விடவே கூடாது. அடிபட்ட அன்றே டாக்டர் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நடுச்சுவரின் மேல் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தால் சிவப்பாகவோ நீலமாகவோ மெத்தென்று உப்பியிருக்கும், இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். நடுச்சுவரின் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் தோலிலிருந்துதான் ஊட்டம் வருகிறது. நடுவில் ரத்தம் கட்டினால் மூன்று நான்கு நாளில் அது அழுகி, மூக்குத்தண்டு குதிரைச் சேணம் போல உட்கார்ந்துவிடும். அன்றைக்கே கீறி ரத்தத்தை வெளியேற்றினால் தப்பிக்கலாம்.

எலும்பு முறிந்து கோணியிருந்தால், வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் அதைப் பிடித்து நேராக நிறுத்தலாம். பெரியவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளுக்குள், குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். நாள் தாண்டினால் கோணலாகவே கூடிவிடும். அப்புறம் ஆறு மாதமாவது காத்திருந்து, முழு செப்டோரைனோபிளாஸ்டிதான் செய்ய வேண்டியிருக்கும். பைக்கில் விழுந்துவிட்டு நாலு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாகத்தான் வரும்.

மூச்சுக்கு மட்டும் இப்ப பண்ணிக்கிறேன். அழகுக்கு அப்புறம் பார்த்துக்கலாமா?

மூக்கைப் பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுச்சுவர் நடுக்கால், தோல் மேல்துணி. காலை அசைத்தால் துணியின் வடிவம் மாறும். துணியை இறக்கிக் கட்டினால் உள்ளே நிற்க இடம் குறையும். மூக்குத்தண்டில் உள்ள மேட்டை அழகுக்காகச் சீவி எடுத்துவிட்டு ஆதாரம் கொடுக்காமல் விட்டால், சில மாதங்களில் நடுப்பகுதி உள்ளே ஒடுங்கி வால்வு இறுகும். மூக்கு பார்க்க மெலிந்திருக்கும், மூச்சு போகாது. இதைத் தடுக்க, நடுச்சுவரின் இருபுறமும் மேலே மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளைச் சொருகித் தைப்பார்கள். ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று சொல்வார்கள்.

அதனால் வெளியே தெரியும் கோணலும் உள்ளே அடைப்பும் சேர்ந்து இருந்தால் ஒன்றாகச் செய்வதுதான் நல்லது. நடுச்சுவரின் முன்நுனியே ஒரு பக்கம் சரிந்திருந்தால் வடிவத்தைத் தொடாமல் மூச்சைச் சரிசெய்ய முடியாது. முதல் ஆபரேஷனிலேயே நடுச்சுவரின் குருத்தெலும்பை எடுத்துப் போட்டுவிட்டால் இரண்டாவதற்குக் கையிருப்பும் இருக்காது. ஆனால் மூக்கு வெளியே நேராக இருக்கிறது, வளைவு பின்னால்தான், வடிவத்தில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் செப்டோபிளாஸ்டியே போதும். "அதோட இதையும் பண்ணிடலாமே" என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மனதில் இரண்டு குறையும் இருந்தால் இரண்டையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழகைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு மூச்சை மட்டும் சொல்பவர்கள் உண்டு. இன்சூரன்ஸை நினைத்து அழகை மறைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் திட்டமே தப்பாகிவிடும்.

எலும்பு எங்கருந்து எடுத்து வைப்பாங்க? பிளாஸ்டிக் வைப்பாங்களா?

முதல் தேர்வு உங்கள் நடுச்சுவரே. பந்தல் நிற்க வேண்டுமே, அதனால் மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டராவது விட்டுவிட்டு உள்ளிருக்கும் பகுதியை மட்டும் எடுப்பார்கள். அது போதாவிட்டால் காது மடலின் குழியிலிருந்து. காதின் வடிவம் மாறாது, ஆனால் அந்தக் குருத்தெலும்பு வளைவானது, பலமும் குறைவு. மூக்கு முழுதும் உட்கார்ந்துபோனவர்களுக்கு விலா எலும்பின் குருத்தெலும்பு. நெஞ்சில் ஒரு சிறு தழும்பு வரும், சில நாள் இருமினால் வலிக்கும், வைத்த துண்டு பின்னால் வளையும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு.

சிலிக்கான் துண்டு வைப்பதும் நடக்கிறது. வேலை சுலபம். ஆனால் அது உடம்பின் பொருள் இல்லை; வருடங்கள் கழித்தும் சீழ் பிடிக்கலாம், தோலை அரித்து வெளியே வரலாம்.

வெளியில தழும்பு தெரியுமா?

மூடிய முறையில் எல்லாக் கீறலும் மூக்குக்குள்ளேயே. திறந்த முறையில் இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூணில், கீழ்ப்பக்கம் ஒரு சிறு கீறல் இருக்கும். சில மாதங்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். கோணல் மூக்கு, இரண்டாவது ஆபரேஷன் இவற்றுக்குத் திறந்த முறையே வசதி.

பொண்ணுக்குப் பதிமூணு வயசு. இப்பவே பண்ணலாமா?

வடிவத்துக்காக என்றால் வளர்ச்சி முடியட்டும். பெண்களுக்குப் பதினைந்து பதினாறு, ஆண்களுக்குப் பதினேழு பதினெட்டு என்பது பொதுக்கணக்கு. நடுச்சுவர்தான் மூக்கின் வளர்ச்சியைத் தள்ளிக்கொண்டு போகிறது, அவசரப்பட்டு அதில் கை வைத்தால் மூக்கு குட்டையாக நின்றுவிடலாம். மூச்சே விட முடியாத அளவு அடைப்பு இருந்தால் மட்டும் சின்ன வயதிலேயே, தேவையான அளவு மட்டும் செய்வார்கள். மேல் வயது வரம்பு கிடையாது. சுகர், பிரஷர், இதயம் எல்லாம் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

மூக்குல வச்ச பஞ்சை எடுக்கும்போது உயிரே போயிடும்னு மாமா சொன்னாரு. நிஜமா?

மாமா சொன்னது அந்தக் காலத்துக்கு நிஜம். மருந்தில் நனைத்த துணி நாடாவை முழம் கணக்கில் திணித்து, பிறகு உருவுவார்கள். இப்போது பல இடங்களில் சிலிக்கான் தகடு வைக்கிறார்கள், அல்லது உள்ளேயே தைத்துவிட்டு ஒன்றும் வைப்பதில்லை. ஊறிப் பெருகும் பஞ்சு வைத்தாலும் ஓரிரு நாளில், நன்றாக நனைத்துவிட்டு எடுப்பார்கள். கண்ணில் தண்ணீர் வரும், அரை நிமிடத்தில் முடியும்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில், இரண்டு முதல் நாலு மணி நேரம். எழுந்ததும் வலியைவிட, வாயால் மூச்சுவிட்டு நாக்கு காய்ந்து போவதுதான் பெரிய தொந்தரவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தலைமாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மேல்பல் முன்வரிசையும் மூக்கு நுனியும் சில வாரம் மரத்திருக்கலாம். வாசனையும் வீக்கம் வடியும்வரை குறைவாக இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி எதெல்லாம் நிறுத்தணும்?

ஆஸ்பிரின், புரூஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை இவை ரத்தக் கசிவைக் கூட்டும். எதை, எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். பீடி சிகரெட்டை நாலு வாரம் முன்பே விட வேண்டும். நிகோடின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, புண் ஆறவிடாது.

எப்ப வேலைக்குப் போகலாம்? கண்ணாடி, ஹெல்மெட், ஜிம் எல்லாம்?

மூக்கின் மேல் கட்டும் கட்டு சுமார் ஒரு வாரம். கண்ணைச் சுற்றிக் கருநீலம் பத்து நாள், இரண்டு வாரம். அலுவலக வேலைக்குப் பத்து நாளில் போகலாம், ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்பதற்குத் தயாராகப் போங்கள். மூக்கை இரண்டு வாரம் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். மூக்கில் கண்ணாடி உட்காருவது, ஜிம், நீச்சல், பளு தூக்குவது எல்லாம் நாலு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு. முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் அது மூக்கை உரசும், அதனால் பைக்கை அதுவரை விட்டுவிடுங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள்.

பொருக்கை நோண்டாமல் இருப்பதுதான் பலருக்குக் கஷ்டம். உப்புத்தண்ணீரால் ஊறவைத்துக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

மூக்குத்தியைக் கழட்டியே ஆகணுமா? கல்யாணத்துக்குப் போட்டதும்மா.

ஆமாம், ஆபரேஷன் தியேட்டருக்குள் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ரத்தம் நிறுத்தும் மின்கருவியால் அந்த இடம் சுடக்கூடும், கீறல் போடவும் இடைஞ்சல். இறுகிப்போன பழைய திருகை வீட்டில் பலவந்தமாக இழுக்காதீர்கள், இரண்டு நாள் முன்பே நகைக்கடை ஆசாரியிடம் போய்க் கழற்றுங்கள். திரும்ப எப்போது போடுவது என்பது கீறல் எங்கே என்பதைப் பொறுத்தது, கட்டுப் பிரிக்கும் நாளில் கேளுங்கள். பல வருடத் துளை அவ்வளவு லேசில் முழுவதும் மூடாது. மூடினாலும் எல்லாம் ஆறிய பிறகு குத்திக்கொள்ளலாம்.

மூணு வாரம் ஆச்சு. மூக்கு முன்னைவிடப் பெரிசாத் தெரியுது, இன்னும் அடைப்பும் இருக்கு. கெடுத்துட்டாங்களா?

இந்தக் கேள்விக்கென்றே ஃபோனைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூன்று வாரத்தில் வெளியிலும் வீக்கம், உள்ளேயும் வீக்கம். மூச்சு சீராக இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வடிவம் முழுதாகத் தெரிய ஒரு வருடம், நுனியில் தோல் தடித்தவர்களுக்கு அதற்கும் மேல். காலையில் அதிகமாகவும் சாயங்காலம் குறைவாகவும் இருக்கும். தினமும் செல்ஃபி எடுத்து ஒப்பிடாதீர்கள். கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால் யார் மூக்கும் பெரிதாகத்தான் தெரியும்.

காத்திருக்கக் கூடாதவை வேறு. ரத்தம் நிற்காமல் வழிவது, காய்ச்சலோடு வலி கூடுவது, தண்ணீர் போன்ற திரவம் ஒரு பக்கம் சொட்டிக்கொண்டே இருப்பது, பார்வை மங்குவது. இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குறட்டையும் நின்னுடும்ல?

குறையலாம், நிற்கும் என்று சொல்ல முடியாது. குறட்டை பெரும்பாலும் தொண்டையில் பிறக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மூக்கு ஆபரேஷன் மட்டும் போதாது. தூங்கும்போது மாட்டும் சிபாப் கருவியைச் சிரமமில்லாமல் பயன்படுத்த அது உதவும்.

ஊசி போட்டே மூக்கைத் தூக்கி விடுறாங்களாமே? பியூட்டி பார்லர்லயே பண்றாங்க.

ஃபில்லர் ஊசி பள்ளத்தை நிரப்பும், மேட்டைக் கரைக்காது. மூச்சு அடைப்புக்கு மேலே சொன்ன எதையும் அது செய்யாது. சில மாதங்களில் கரைந்தும் போய்விடும். மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. மருந்து தவறி அதற்குள் போனால் தோல் கறுத்து அழுகலாம், பார்வை போய்விடலாம். அந்த நிமிடமே மாற்று மருந்து போடத் தெரிந்த டாக்டர் இல்லாத இடத்தில் இந்த ஊசிக்கு உட்காரவே கூடாது. பார்லரில் போடுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இ.என்.டி. டாக்டர்கிட்ட போகணுமா, பிளாஸ்டிக் சர்ஜன்கிட்டயா?

இரண்டு துறையினரும் செய்கிறார்கள். எம்.எஸ். இ.என்.டி. படித்தவர், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர் இருவருமே முறையானவர்கள். பட்டத்தைவிட, உங்களைப் போன்ற மூக்கை அவர் அடிக்கடி செய்கிறாரா என்று கேளுங்கள். அழகை மட்டும் பேசி மூக்குக்குள் பார்க்காதவரும் வேண்டாம், உள்ளே மட்டும் பார்த்துவிட்டு முகத்தை நிமிர்ந்து பார்க்காதவரும் வேண்டாம். சில இடங்களில் இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். செலவுக்குக் கையைப் பிசைபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் பாருங்கள். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களில் பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்றே துறை இருக்கிறது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அழகுக்கான ஆபரேஷனுக்குக் கிடைக்காது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்கும், மருத்துவத் தேவை என்று டாக்டர் சான்று தரும் பகுதிக்கும் அந்த விலக்கு பொருந்தாது. பாலிசித் தாளில் இந்த வாசகம் இருக்கும், தேடிப் படியுங்கள். நடுச்சுவர் வளைவு, சைனஸ் இரண்டுக்கும் பல பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. பாலிசி போட்ட மறுமாதமே ஃபைலோடு வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

மூச்சும் அழகும் சேர்ந்த ஆபரேஷனில் பில்லைப் பிரித்துப் போட வேண்டும். எண்டோஸ்கோபி, ஸ்கேன் அறிக்கை, முன்பு மருந்து சாப்பிட்ட சீட்டுகள், விபத்து என்றால் அதன் பதிவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "எல்லாத்தையும் மூச்சுன்னே எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்காதீர்கள். மாட்டினால் பணம் மொத்தமும் நிற்கும்.

மூக்கே இல்லாமப் போனவங்களுக்கு என்ன பண்ணுவாங்க?

விபத்து, நாய்க்கடி, புற்றுநோய், தீக்காயம் எனக் காரணங்கள் பல. பெரிய இழப்புக்கு இன்றும் நெற்றித்தோல்தான் முதல் தேர்வு. நிறமும் தடிமனும் மூக்கோடு பொருந்தும். புருவத்துக்கு அருகே ரத்தக்குழாயோடு ஒட்டியபடியே தோலை விட்டு, மீதியைத் திருப்பி மூக்கில் தைப்பார்கள். மூன்று வாரம்போல, புருவத்திலிருந்து மூக்குக்கு ஒரு சதைப் பாலம் தெரியும். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடித்ததும் பாலத்தை வெட்டுவார்கள். அந்த மூன்று வாரத்தைப் பற்றி நோயாளியிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உள்தோல், குருத்தெலும்புச் சட்டம், வெளித்தோல் மூன்றும் அமைந்தால்தான் மூச்சு போகும். வெளித்தோலை மட்டும் போர்த்தினால் அது சுருங்கித் துளை மூடிவிடும்.

இந்த வித்தை நம் நாட்டிலிருந்து போனது. சுசுருத சம்ஹிதையில் மூக்கின் அளவுக்கு இலையை வெட்டி, அந்த அளவில் கன்னத் தோலை எடுத்துப் பொருத்தி, மூச்சுக்காக இரண்டு குழாய்களைச் செருகச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கே முகத்தோடு மூச்சையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். திப்புவின் ஆட்களால் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே பக்கம் நெற்றித்தோலில் மூக்கு வைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் 1814-ல் லண்டனில் அதே முறையில் செய்தார். எங்கள் மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை வந்து ஊர் மக்களின் மூக்கை அறுத்தது, பதிலுக்கு மதுரைப் படையும் சேதுபதியின் துணையோடு விரட்டிப்போய் அறுத்தது. மூக்கறுப்புப் போர் என்று படித்திருப்பீர்கள். அந்த மூக்குகளை யாரும் திருப்பி வைத்ததாகப் படித்ததில்லை.

ஏற்கெனவே ஒருதடவை பண்ணியாச்சு, சரியா வரலை. மறுபடி பண்ணலாமா?

பண்ணலாம், ஒரு வருடம் போன பிறகு. மூன்று வாரக் கேள்விக்குச் சொன்ன வீக்கக் கணக்கு இங்கேயும் பொருந்தும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். உள்ளே தழும்பு இறுகியிருக்கும், நடுச்சுவர்க் குருத்தெலும்பு தீர்ந்திருக்கும், காதுக்கோ விலாவுக்கோ போக வேண்டிவரும். முதல் ஆபரேஷனின் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்; அது உங்கள் உரிமை. எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்பது தெரிந்தால் பாதி வேலை மிச்சம். மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டால் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர்ல காட்டின மாதிரியே வருமா?

அந்தப் படம் நீங்களும் டாக்டரும் ஒரே மூக்கைத்தான் நினைக்கிறீர்களா என்று பார்க்க உதவும். கம்ப்யூட்டரில் தோலின் தடிமனும் இல்லை, தழும்பும் இல்லை. நம்மூரில் பலருக்குத் தோல் தடிமன், உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் கூர்மை வெளியே முழுதாகத் தெரியாது. நடிகையின் படத்தைக் காட்டி இதே மூக்கு வேண்டும் என்பவர்களிடம் எங்கள் டாக்டர் இதைத்தான் முதலில் சொல்வார்.

பொண்ணு பார்க்க வர்றவங்க மூக்கைச் சொல்லியே தட்டிக்கழிக்கிறாங்க. தை மாசத்துக்குள்ள பண்ணி முடிச்சிட முடியுமா?

இதைப் பெரும்பாலும் அம்மாக்கள் கேட்பார்கள், மகள் பக்கத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசுவார். அவளுக்கு வேண்டும் என்றால் மேற்கொண்டு பேசலாம், அவளுக்கு வேண்டாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. தேதியை வைத்துக்கொண்டும் இதைச் செய்ய முடியாது. ஆறு மாதம் இல்லாமல் கல்யாணப் புகைப்படத்துக்கு முகம் தயாராகாது.

வேறொரு வகையும் உண்டு. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேட்டை நாள் முழுக்கக் கண்ணாடியில் பார்த்து, வேலைக்குப் போகாமல், வெளியே வராமல் இருப்பவர்கள். அவர்களுக்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் திருப்தி வராது, அடுத்த குறை தெரியும். டாக்டர் கத்தியை எடுக்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் கோபித்துக்கொள்ளாமல் போங்கள். எங்களிடம் தேதி வாங்காமல் அப்படிப் போனவர்களில் சிலர் பிறகு மூச்சு அடைப்புக்கு மட்டும் வந்து செப்டோபிளாஸ்டி செய்துகொண்டு போயிருக்கிறார்கள். மேட்டைப் பற்றி அப்போது அவர்கள் கேட்கவில்லை.